மொட்டைக்குக் கட்டணம் இல்லாத ஊரிலிருந்து ஒரு பாராட்டுக் கடிதம்

பெருமதிப்புக்குரிய கல்லூரித் தாளாளர் அவர்களுக்கும், எம்.பி.ஏ. துறையின் சர்வதேசப் பயணக் குழுவினருக்கும், பழனி அடிவாரத்திலிருந்து வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்ட பட்டியல் வாட்ஸ்அப்பில் ஊரைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. மலேசியா, சிங்கப்பூருக்கு ஏழு நாள் 'உலகளாவிய வணிக அனுபவப் பயணம்', ஆளுக்கு 99,500 ரூபாய். பயணத்தை யார் வேண்டுமானாலும் பாராட்டுவார்கள். நான் பாராட்ட வந்தது பட்டியலின் இரண்டாம் பக்கத்தை. பணம் கட்டாத பிள்ளைகளின் பெயர்கள், எதிரே 'காரணம்' என்று ஒரு கட்டம், கட்டத்துக்குள் 'வசதி இல்லை'. அடியில் ஒரு குறிப்பு: இவர்கள் புறப்பாட்டு நாளன்று சீருடையில் வந்து வழியனுப்பு விழாவில் ஃபிளெக்ஸ் பிடிக்க வேண்டும், அன்றைக்கு வருகைப் பதிவு உண்டு. அறநிலையத் துறைக் கோயில்களில் முடி காணிக்கைக்குக் கட்டணம் இல்லை என்று 2021-இல் அரசு அறிவித்துவிட்டது. மலையடிவாரத்தில் மொட்டை போட்டுக்கொள்ளப் பத்துப் பைசா வேண்டாம். அதே ஊரில் அதே தொழிலை இன்னமும் கட்டணம் வாங்கி நடத்துகிறீர்களே, அந்தத் துணிச்சலைத்தான் முதலில் மாணவர்களுக்குத் தொழில்முனைவுப் பாடமாக வைக்க வேண்டும்.

பயணத் திட்டத்தைப் பாடத்திட்டமாக மாற்றிய கைத்திறனும் லேசுப்பட்டதல்ல. இரண்டாம் நாள் காலை பத்துமலை. அதற்குப் பக்கத்தில் 'ஆன்மிகச் சுற்றுலா மேலாண்மை' என்று போட்டிருக்கிறீர்கள். பழனி மலையின் 693 படியைத் தினம் பார்த்து வளர்ந்த பிள்ளை, 272 படி ஏறி முருகனைப் பார்ப்பதற்கு விமானத்தில் போகிறது. அங்கே 42.7 மீட்டர் உயரத்தில் சிலை நிற்கிறது, உண்மைதான். பிறகு சாக்லேட் விற்கும் கடை. அது 'உற்பத்தி மேலாண்மை'. பிறகு கெந்திங் மலைக்குக் கேபிள் கார். அது 'சேவைத் துறைச் செயல்பாடுகள்'. பழனியில் 2004 முதல் ரோப் கார் ஓடுகிறது. மாதம் ஒரு நாள் பராமரிப்புக்கு நிறுத்துகிறார்கள், ஆண்டுக்கு ஒருமுறை வாரக்கணக்கில் நிறுத்துகிறார்கள். தைப்பூசத்தில் கூட்டம் அலைமோதும்போது இழுவை ரயிலான விஞ்சுக்கு எத்தனை பேர், படிக்கு எத்தனை பேர், ஒருவர் எவ்வளவு நேரம் வரிசையில் நிற்கிறார் என்று கணக்குப் போட்டால் ஒரு பருவத்துக்கான செயல்முறை மேலாண்மைப் பாடம் அதிலேயே முடியும். அதற்கு டவுன் பஸ் டிக்கெட் போதும் என்பதுதான் உங்களுக்குள்ள சிக்கல். டவுன் பஸ்ஸில் போகிறவனுக்கு எப்படி மொட்டை போடுவது?

'உலகைச் சுற்றிய முருகனின் ஊரிலிருந்து' என்று கையேட்டின் அட்டையில் அச்சடித்திருக்கிறீர்கள். ஞானப்பழத்துக்காக நடந்த அந்தப் போட்டியில் உலகைச் சுற்றி வந்தவருக்குப் பழம் கிடைக்கவில்லை. அந்தக் கோபத்தில்தான் இந்த மலைக்கே வந்து நின்றார். உள்ளே இதை அச்சிட இடம் போதவில்லை போலும்.

உங்கள் தரப்பில் ஒரு நியாயம் சொல்வீர்கள், அது லேசான நியாயமும் அல்ல. கிராமத்துப் பிள்ளை முதல் முறையாக விமானம் ஏறுகிறான், குடிநுழைவு அதிகாரியின் கேள்விக்கு இங்கிலீஷில் பதில் சொல்கிறான், அந்நிய ஊரில் மெட்ரோவுக்குத் தானே டிக்கெட் எடுக்கிறான், அந்தத் தைரியத்தை எந்தப் பாடப்புத்தகம் தரும் என்பீர்கள். தராது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தத் தைரியம் யாருக்கு அதிகம் தேவை? கோடை விடுமுறைக்கு ஏற்கெனவே துபாய் போய் வந்தவனுக்கா, திண்டுக்கல்லைத் தாண்டாதவனுக்கா? 2024-இல் 'நான் முதல்வன்' திறன் பயிற்சித் திட்டத்தில் 25 மாணவர்களைத் தமிழ்நாடு அரசு தன் செலவில் இங்கிலாந்துக்கு, டர்ஹாம் பல்கலைக்கழகத்துக்கு, ஒரு வாரப் பயிற்சிக்கு அனுப்பியது. அதுவும் குறுகிய பயணம்தான். அங்கே திறமையைப் பார்த்து ஆள் எடுத்தார்கள், பணத்தை அரசே கொடுத்தது. உங்கள் தேர்வு முறையில் ஒரே ஒரு வினாத்தாள், அதற்குப் பதில் 99,500. ஆயக்குடியில் கொய்யா பறிக்கப் போகும் ஒரு தாய் தாலிக்கொடியை அடகுக் கடையில் வைத்து அந்த வினாத்தாளுக்கு விடை எழுதுகிறாள். எழுத முடியாதவளின் மகனை நீங்கள் வாசலில் நிறுத்தி ஃபிளெக்ஸ் பிடிக்கச் சொல்கிறீர்கள். இதற்குப் பெயர் கல்வியல்ல, வசூல். வசூலிலும் இது கேவலமான வசூல், கந்துவட்டிக்காரன்கூடத் தன்னிடம் கடன் வாங்காதவன் பெயரைச் சுவரில் ஒட்டுவதில்லை. மன்னிக்க வேண்டும், பாராட்டுக் கடிதம் என்பதை ஒரு நிமிடம் மறந்துவிட்டேன்.

ஏழெட்டு நாளில் எதுவுமே கற்க முடியாது என்று வாதாட நான் வரவில்லை. 2012 ஜனவரியில் ஹார்வர்டு வணிகப் பள்ளி தன் முதலாண்டு மாணவர்கள் சுமார் 900 பேரை இந்தியா உட்படப் பல வளரும் நாடுகளுக்கு அனுப்பியது. தங்கியது ஒரு வாரம் சொச்சம்தான். ஆனால் அதற்கு முந்தைய மாதங்களில் அவர்கள் சிறு குழுக்களாகப் பிரிந்து, ஒவ்வொரு குழுவும் அந்த நாட்டு நிறுவனம் ஒன்று கொடுத்த உண்மையான வேலையில் உட்கார்ந்திருந்தது. போனது அதைச் சந்தையில் சோதித்துப் பார்க்க. வகுப்பு முழுவதும் போனது. பாதி வகுப்பை நிறுத்திவைத்து ஃபிளெக்ஸ் பிடிக்கச் சொல்லவில்லை. உங்கள் திட்டத்தில் புறப்படும் முன் செய்யவேண்டிய வேலை என்ற தலைப்பின் கீழ் இருப்பது இரண்டு: கோட்டு தைக்க அளவு கொடுப்பது, இரண்டாம் தவணை கட்டுவது. அதே ஹார்வர்டு 1993-இல் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையையும், 2010-இல் மும்பை டப்பாவாலாக்களையும் பாடமாக எழுதி வைத்திருக்கிறது. அவர்கள் நம்மைப் பார்த்துப் படிக்கிறார்கள், நாம் சாக்லேட் கடையைப் பார்த்துப் படிக்கிறோம்.

வெளிநாட்டு வணிகம் என்றால் என்ன என்று இந்த ஊருக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதும் இல்லை. 17-ஆம் நூற்றாண்டில் நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் உப்பு விற்க வந்த சந்தைகளில் பழனியும் ஒன்று. விற்றதில் முருகனுக்கு மகமை எடுத்து வைத்தார்கள். அந்தக் கதையிலிருந்துதான் டேவிட் ரட்னர் 1994-இல் வெளியிட்ட ஆய்வு நூல் செட்டியார் வணிகத்தின் வளர்ச்சியை விளக்குகிறது. அவர்களே பிறகு பர்மா, மலாயா, சைகோன் என்று போனார்கள். சிங்கப்பூர் டேங்க் ரோட்டில் 1859-இல் தண்டாயுதபாணிக்குக் கோயில் எழுப்பினார்கள். அவர்களுடைய 'வெளிநாட்டுப் படிப்பு' ஏழு நாள் அல்ல. வட்டிக்கடைக் கிட்டங்கியில் எடுபிடிப் பெட்டியடிப் பையனாக உட்கார்ந்து, பேரேடு எழுதி, ஏஜெண்டுக்கு உதவியாக அடுத்தாளாகி, மூன்று வருடக் கணக்கு முடித்துத்தான் ஊர் திரும்ப முடியும். அது அந்தக் காலம், சாதிக்குள் மூடிக்கிடந்த முறை, இன்றைக்கு ஒத்துவராது என்பீர்கள். முறை ஒத்துவராது, ஒப்புக்கொள்கிறேன். பாடம் ஒத்துவரும். பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையிலிருந்த நிலம் 1930-இல் 6 சதவீதம், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் 25 சதவீதம். நெல் விலை விழுந்து, கடன் வாராமல், அடமானம் நிலமாகத் திரும்பி வந்தது. வட்டிக்கு விட்டவன் விரும்பாமலே நிலச்சுவான்தாரான கதை அது. பின்னால் அந்த நிலமும் போயிற்று. அங்கே உலகச் சந்தையே ஒரு சமூகத்துக்கு மொட்டை அடித்தது. வாராக்கடனைப் பற்றி இதைவிட நல்ல பாடம் சிங்கப்பூர் யூனிவர்சல் ஸ்டுடியோஸில் கிடைக்குமா?

அப்படியானால் பிள்ளைகளைக் கிணற்றுத் தவளையாக வைக்கச் சொல்கிறாயா என்று கேட்பீர்கள். இல்லை. போகட்டும், கேள்வியோடு போகட்டும். பழனி பஞ்சாமிர்தம் 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது, தமிழ்நாட்டுக் கோயில் பிரசாதங்களில் முதலாவதாக. அதற்கான நாட்டுச் சர்க்கரையைத் தேவஸ்தானம் கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் ஏலத்தில் வாங்குகிறது. அந்த ஏலத்தில் ஒரு நாள் நின்றுவிட்டு, கோலாலம்பூரில் தமிழ்க் கடைக்காரர் ஒருவரிடம் இந்த டப்பாவை என்ன விலைக்கு வைப்பீர்கள் என்று கேட்டால் அது படிப்பு. ஒட்டன்சத்திரம் சந்தையில் லாரியேறும் காய்க்குக் கேரளத்தில் என்ன விலை என்று தெரிந்துகொண்டு, சிங்கப்பூர் தேக்கா சந்தையில் முருங்கைக்காய் விலையை எழுதிவந்தால் அதுவும் படிப்பு. எல்லாவற்றையும் விட, மொட்டையிலிருந்தே தொடங்கலாம். மலையடிவாரத்தில் விழும் முடியை நீளம் பார்த்துத் தரம் பிரிக்கிறார்கள், ஏலம் விடுகிறார்கள், அது விக்காகக் கடல் கடந்து போகிறது. உங்கள் மாணவர்களோடு ஒப்பிட்டால் அந்த முடி பாக்கியசாலி. அது எதற்காக வெளிநாடு போகிறது என்பது அதை வாங்கியவருக்குத் தெரியும்.

யாரையும் கட்டாயப்படுத்தவில்லை என்பது உங்கள் கடைசி வாதம். போனவர்களுக்கு அக மதிப்பீட்டில் ஐம்பதுக்கு ஐம்பது வரை, போகாதவர்கள் மலேசியப் பொருளாதாரம் பற்றிக் கையால் நாற்பது பக்கம் எழுதினாலும் உச்ச மதிப்பெண் முப்பத்தைந்து என்று உங்கள் சுற்றறிக்கையே சொல்கிறது. மதிப்பெண்ணைத் தொட்டுவிட்டு விருப்பம் என்று சொல்வதற்குத் தனித் திறமை வேண்டும். குழுப் பயணத்தில் இத்தனை பேருக்கு ஒரு இருக்கை இலவசம் என்பது டிராவல்ஸ் தொழிலின் வழக்கம். அந்த இலவச இருக்கைகளில் உட்காரப் போகிற 'ஒருங்கிணைப்பாளர்கள்' யார், அவர்களில் எத்தனை பேர் பாடம் நடத்துகிறவர்கள் என்பதையும் தாங்கள் பெருந்தன்மையோடு வெளியிட வேண்டும். டிராவல்ஸ்காரர் கொடுத்த மூல விலைப்புள்ளியைப் பெற்றோர் கூட்டத்தில் வையுங்கள். மதிப்பெண்ணை இரு தரப்புக்கும் ஒன்றாக்குங்கள். இல்லையென்றால் இதைச் சுற்றுலா என்று நேர்மையாகச் சொல்லி நடத்துங்கள், சுற்றுலா போவதை யாரும் குறை சொல்ல மாட்டோம்.

பணம் கட்டிவிட்ட பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. கல்விக்காக வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்துக்கு ஒரு கணக்கு, வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்புக்கு வேறொரு கணக்கு என்று வருமான வரிச் சட்டமே பிரித்து வைத்திருக்கிறது. தொகுப்பு என்றால் விற்கும்போதே டி.சி.எஸ். என்னும் வரியைப் பிடிப்பார்கள். ரசீதை எடுத்து அதில் தலைப்பு என்ன என்று பாருங்கள், வரி பிடித்திருந்தால் அது யாருடைய பான் எண்ணில் ஏறியிருக்கிறது என்று கல்லூரி அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். உங்கள் எண்ணில் இருந்தால், கணக்குத் தாக்கல் செய்து நீங்கள் திரும்பப் பெறலாம். கல்லூரியின் எண்ணில் இருந்தால், திரும்பப் பெறப்போவது கல்லூரி.