நம்ம ஆளு பார்த்துக்கும்

அந்தமானின் பெரார்கஞ்ச் பஜாரில் வெப் டிசைனர் யார் என்று கண்டுபிடிப்பது சுலபம். டீக்கடை பெஞ்சில் எல்லோரும் போனைக் காதில் வைத்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். ஒருவர் மட்டும் போனை வாய்க்கு நேராகத் தட்டையாகப் பிடித்துக்கொண்டு, "பிரீமியமா இருக்கணும், ஆனா சிம்பிளா இருக்கணும், ஆனா பார்த்தா கிராண்டா இருக்கணும்" என்று அதட்டிக்கொண்டிருப்பார். எதிர்முனையில் மனிதர் யாரும் கிடையாது. இருந்திருந்தால் எப்போதோ போனை வைத்திருப்பார்.

அவர்தான் நம் தம்பி. இந்த ஊர் என்றில்லை, தீவில் நாலு டூரிஸ்ட் வண்டி நிற்கிற இடமெல்லாம் இப்படி ஒருவர் இருக்கிறார். தாத்தா ராமநாதபுரம் பக்கமிருந்தோ விருதுநகர் பக்கமிருந்தோ கப்பலேறியவர். அப்பா ஏதோ ஓர் அரசாங்கத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். தம்பிக்கு வீட்டில் தமிழ், கடைத்தெருவில் இந்தி, ஹோம்ஸ்டே முதலாளியிடம் உடைந்த வங்காளம், இயந்திரத்திடம் மட்டும் நல்ல ஆங்கிலம். 'ப்ளீஸ்' என்ற சொல்லை அவர் வாயிலிருந்து கேட்ட ஒரே ஜீவன் அதுதான்.

அந்த இயந்திரத்தை அவர் ஏஐ என்று சொல்வதில்லை. "நம்ம ஆளு" என்பார். பாதுகாப்புக்காகத்தான். "லோகோ யார் போட்டது?" என்று கஸ்டமர் கேட்டால், "நம்ம ஆளு ஒருத்தரு" என்று சொல்லிவிடலாம். கஸ்டமர் மனதில் சென்னையில் ஏசி அறையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெரிய ஆர்ட்டிஸ்ட் வந்து போவார். பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. பில்லுக்கு இது போதும்.

தம்பி கஷ்டம் தெரியாமல் வளர்ந்தவர் இல்லை. 2020-க்கு முன்னால் இந்தத் தீவுகளுக்கு இணையம் வானத்திலிருந்து, செயற்கைக்கோள் வழியாக, சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு படத்தை ஏற்றி விட்டுக் குளித்து, சாப்பிட்டு, வந்து பார்த்தால் பாதி ஏறியிருக்கும்; மீதிப் பாதிக்கு மழை விட வேண்டும். சென்னைக்குப் போகிறவர்களிடம் ஹார்ட் டிஸ்க் கொடுத்து, எழுத்துருவும் டெம்ப்ளேட்டும் நிரப்பிக் கொண்டுவரச் சொன்ன தலைமுறை அது. பிறகு 2020 ஆகஸ்ட் 10-ஆம் தேதி, சென்னையிலிருந்து கடலுக்கடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் இழுத்த கேபிளைப் பிரதமர் திறந்துவைத்தார். செலவு ஆயிரத்து இருநூறு கோடிக்கு மேல். அந்தக் கேபிள் வழியாக முதலில் ரீல்ஸ் வந்தது. 2022 நவம்பர் கடைசியில் சாட்ஜிபிடி வந்தது. ஹார்ட் டிஸ்க் இப்போது கதவு சாத்தாமல் இருக்க முட்டுக் கொடுக்கிறது.

அவர் சட்டைப்பையில் மூன்று சிம் இருப்பதற்கும் காரணம் உண்டு. 2025 ஜூலையில் ஏர்டெல்காரர்கள் பெர்ப்ளெக்ஸிட்டி ஒரு வருடம் இலவசம் என்றார்கள். தம்பி ஏர்டெல்லுக்குப் போனார். அக்டோபர் கடைசியில் ஜியோக்காரர்கள் கெமினி பதினெட்டு மாதம் என்றார்கள்; ஜியோவுக்கும் ஒரு சிம். நவம்பர் பிறந்ததும் சாட்ஜிபிடிக்காரர்களே மாதம் 399 ரூபாய் சரக்கை ஒரு வருடம் சும்மா வைத்துக்கொள் என்றார்கள். மூன்றாவது சிம் பி.எஸ்.என்.எல். அதில் எதுவும் இலவசமில்லை, ஆனால் மழை நாளில் அதில்தான் அம்மாவுக்கு லைன் கிடைக்கும். "உலகத்துலயே மூணு அசிஸ்டென்ட் வச்சிருக்கிற, சம்பளம் குடுக்காத ஒரே முதலாளி நான்தான்" என்பது அவர் பெருமை. இந்தியா முழுக்கக் கோடிக்கணக்கான பேர் இதே பெருமையில் இருப்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்க ஒரு கஸ்டமர் வேண்டும். இரண்டு இன்னோவா வைத்திருக்கும் டூர்காரர் அண்ணன் வருகிறார். ஒன்று ஓடுகிறது, ஒன்று பாடி வொர்க்கில் இருக்கிறது.

"தம்பி, நமக்கொரு வெப்சைட் வேணும்பா."

"எப்படி வேணும்ணே?"

"பெரிய கம்பெனிக்காரன் வச்சிருக்கானே, அதைவிடக் கொஞ்சம் பெரிசா."

இந்த ஒரு வரி போதும். முன்பானால் தம்பி இதற்கு மூன்று நாள் யோசித்து, தாளில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, ஃபிக்மாவில் வரைந்து, அண்ணன் "கலர் சரியில்லை" என்றதும் எல்லாவற்றையும் அழித்திருப்பார். இப்போது டீ ஆறுவதற்குள் நாலு டிசைன். நாலும் ஊதா நிறம். இந்த இயந்திரங்களுக்கு ஊதாவின்மேல் அப்படியொரு பிரியம். கேட்காவிட்டால் ஊதா, கேட்டால் நீலம் கலந்த ஊதா. பெரார்கஞ்சிலிருந்து பம்பூ ஃபிளாட் வரைக்கும் மீன் ஏற்றுமதி, பியூட்டி பார்லர், டிராக்டர் வாடகை என்று எந்தத் தளத்தைத் திறந்தாலும் அந்தி மயங்கும் அதே ஊதா வானம். அதன்மேல் வெள்ளையில் வெளிர் சாம்பல் எழுத்து. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே வெளிச்ச வேறுபாடு நாலரைக்கு ஒன்றாவது இருக்க வேண்டும் என்பது உலகத் தர விதி. ஜெட்டியில் மதிய வெயிலில் போனைக் குனிந்து பார்க்கிற பயணிக்கு அந்தச் சாம்பல் எழுத்து தெரியவே தெரியாது. அவருக்குத் தெரிவது அவருடைய முகம் மட்டும்.

அடுத்து எழுத்து வேலை. இங்கேதான் நம்ம ஆளு கல்யாணத் தரகராகிறது. மாப்பிள்ளையைப் பார்த்ததே இல்லை, ஆனால் குணத்துக்குக் குறைவில்லை. 'இருபத்தைந்து ஆண்டு அனுபவம்', 'பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மகிழ்ச்சியான வாடிக்கையாளர்கள்' என்று தானாகவே எழுதிவிட்டது. அதற்குக் கீழே, லண்டனிலிருந்து சாரா என்றொரு அம்மணி ஐந்து நட்சத்திரம் கொடுத்து, 'என் வாழ்க்கையின் மறக்க முடியாத பயணம்' என்று உருகியிருக்கிறார். அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

"தம்பி, இந்த சாராம்மா யாருப்பா?"

"அது… சும்மா ஒரு மாடலுக்குண்ணே."

"இல்லப்பா, போன வருஷம் ஹேவ்லாக் ஜெட்டிக்கு ஒரு வெள்ளைக்காரம்மாவ ஏத்திட்டுப் போனேன். அவங்களா இருக்குமோ? நல்லா பேசினாங்க. எழுதியிருந்தாலும் எழுதியிருப்பாங்க."

அண்ணன் நம்பிவிட்டார். அழிக்கச் சொல்ல மனம் வரவில்லை. தம்பிக்கும் அழிப்பது கூடுதல் வேலை. ஆக, உலகத்திலேயே இல்லாத சாரா, பாடி வொர்க்கில் இருக்கும் இன்னோவாவின் பின்சீட்டில் நிரந்தரமாக உட்கார்ந்துவிட்டார். இது தப்பு என்று தம்பிக்கும் தெரியும். கேட்டால், "எல்லா சைட்லயும் ஒரு சாரா இருக்காங்க சார்" என்பார்.

'எங்களைப் பற்றி' பகுதிக்கு ஊர் வரலாறு கேட்டபோது நம்ம ஆளு இன்னும் உற்சாகமானது. பெரார்கஞ்ச் என்ற பெயரைப் பார்த்தது. இத்தாலியக் கார் கம்பெனி ஞாபகம் வந்துவிட்டது. லோகோவில் சிவப்புப் பின்னணியில் ஒரு குதிரை முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. உண்மையில் இந்த ஊருக்குப் பெயர் கொடுத்தவர் மைக்கேல் லாயிட் பெரார். 1923 முதல் 1931 வரை இந்தத் தீவுகளுக்குத் தலைமை ஆணையர். வெள்ளைக்கார அதிகாரி என்றாலும் மனசெல்லாம் பட்டாம்பூச்சி. அந்தமான் நிகோபார் பட்டாம்பூச்சிகளைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரையே எழுதியவர். குதிரைக்குப் பதில் ஒரு பட்டாம்பூச்சி போட்டிருந்தால் ஊருக்கும் பொருத்தம், தளத்துக்கும் அழகு. ஆனால் அண்ணனுக்குக் குதிரை பிடித்துப்போயிற்று. "ஸ்பீடா இருக்கு" என்றார்.

படங்களைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். பெரார்கஞ்சுக்கு வடக்கே ஜிர்காடாங் செக்போஸ்ட். அதைத் தாண்டினால் ஜாரவா பழங்குடியினரின் காப்புக்காடு. அதையும் தாண்டிக் கடல்கால் ஒன்றைக் கடந்தால் பாராடாங். அங்கே மண் எரிமலை இருக்கிறது. தம்பி 'பாராடாங் மண் எரிமலை' என்று கேட்டார். வந்த படத்தில் மலை வெடித்து, நெருப்புக் குழம்பு ஆறாக ஓடி, அதன் முன்னால் ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டு செல்ஃபி எடுத்தது. தீக்குழம்பு எரிமலைதான் வேண்டும் என்றால் நடுக்கடலில் பேரன் தீவு இருக்கிறது. பாராடாங்கில் இருப்பது சாம்பல் நிறச் சேறு. தரையில் சின்னக் குழி, அதில் ஒரு குமிழி எழும்பும், உடையும், அவ்வளவுதான். சூடு கூடக் கிடையாது. விடியற்காலை மூன்று மணிக்குக் குழந்தைகளைத் தூக்கத்தில் அள்ளிப் போட்டுக்கொண்டு கிளம்பி, போலீஸ் காவலோடு போகும் முதல் கான்வாயைப் பிடித்து, அந்தக் குமிழிக்கு முன்னால் நின்று, "எரிமலை எங்கேங்க?" என்று கேட்டவர்களை எனக்குத் தெரியும். கேள்விக்குப் பதில் சொன்ன டிரைவர் அண்ணனையும் தெரியும். அவர் குழியைக் காட்டிவிட்டு வண்டிப் பக்கம் போய்விட்டார்.

செல்லுலார் சிறைக்கும் இதே கதிதான். 1906-ல் கட்டி முடித்தபோது அதற்கு ஏழு கைகள். இப்போது மிச்சம் மூன்று. நம்ம ஆளு ஒருமுறை ஐந்து போட்டது, இன்னொருமுறை எட்டு. ராதாநகர் கடற்கரையில் தாய்லாந்துப் படகும், தண்ணீருக்குமேல் மாலத்தீவுக் குடிசையும் வந்து நிற்கின்றன. பேனரில் தமிழில் 'வணக்கம்' போடச் சொன்னால் வளைவும் கொம்புமாக ஏதோ வருகிறது. தூரத்திலிருந்து பார்த்தால் தமிழ், பக்கத்தில் போனால் ஜிலேபி.

கோடிங்? 2025 பிப்ரவரியில் ஏஐ ஆய்வாளர் ஆந்த்ரே கர்பாத்தி, இயந்திரத்திடம் வாயால் சொல்லியே கோட் எழுதவைப்பதற்கு 'வைப் கோடிங்' என்று பெயர் வைத்ததும் உலகமே அதைப் பற்றிப் பேசியது. தம்பிக்குப் பெயர் தெரிவதற்கு முன்பே பழக்கம் இருந்தது. போனில் மெனு திறந்தால் மூடவில்லை என்று சொல்வார். நம்ம ஆளு மன்னிப்புக் கேட்டுச் சரிசெய்யும். மெனு மூடும், புக்கிங் பட்டன் காணாமல் போகும். அதைச் சொன்னால் மறுபடி மன்னிப்பு. பட்டன் வரும், மெனு மூடாது. இப்படியே ராத்திரி பன்னிரண்டு மணி. "மூணு நிமிஷத்துல முடிஞ்சிரும்ணே" என்று காலையில் அண்ணனிடம் சொன்னது நினைவுக்கு வரும்போது, இலவச கோட்டா தீர்ந்திருக்கும். சிம்மை மாற்றுவார்.

இவ்வளவு சொன்னதும் தம்பியைச் சோம்பேறி என்று முடிவுகட்டிவிட வேண்டாம். எல்லாம் முடிந்து, தளத்தை ஏற்றுவதற்கு முன்னால் அவர் ஒருமுறை மேலிருந்து கீழ்வரை விரலால் தள்ளிப் பார்ப்பார். படிப்பதில்லை, பார்ப்பார். அப்போது விரல் சில இடங்களில் தானாக நிற்கும். 'எப்படி வருவது' என்ற இடத்தில், 'அருகிலுள்ள ரயில் நிலையத்திலிருந்து' என்று இருக்கும். தீவில் ரயிலே கிடையாது; ரயில் நிலையம் பார்க்க வேண்டுமென்றால் கடலுக்கு அந்தப் பக்கம் போக வேண்டும். அழிப்பார். 'மாலை ஆறே முக்காலுக்குச் சூரிய அஸ்தமனப் படகுச் சவாரி' என்று இருக்கும். இந்தியக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு இவ்வளவு கிழக்கே இருக்கிற ஊரில் வருடம் முழுக்கவே ஆறு மணிக்குள் சூரியன் போய்விடும். டிசம்பரில் ஐந்து மணிக்கே. ஆறே முக்காலுக்குப் படகில் ஏறினால் கொசு தெரியும். நாலரை என்று திருத்துவார்.

இன்னொன்றும் இருந்தது. 'ஜாரவா பழங்குடியினரைச் சந்திக்கும் அரிய சஃபாரி அனுபவம்.' அதைப் பார்த்ததும் தம்பி முகத்தில் சிரிப்பில்லை. சேரைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றுகொண்டே அழித்தார். ஜாரவா காட்டைக் கடக்கும் சாலையில் வண்டிகள் போலீஸ் காவலோடு வரிசையாகப் போக வேண்டும், வழியில் நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. 1956-லிருந்து பழங்குடிப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, மீறினால் ஜெயில். அதை யாரும் அவருக்குப் பாடம் நடத்தவில்லை. சின்ன வயதிலிருந்து ஜிர்காடாங் கேட்டில் பஸ்ஸுக்குள் உட்கார்ந்து அந்த அறிவிப்பைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர். "இது தெரியாம எழுதுது பாருங்க. அண்ணன் லைசென்ஸ் போயிரும்" என்றார். அண்ணன் லைசென்ஸ் மட்டும்தான் பிரச்சினையா என்று நான் கேட்கவில்லை. அவர் அழித்த வேகமே போதுமானதாக இருந்தது.

என் கணக்கில் அன்று தம்பி செய்த வேலை அந்த மூன்று திருத்தம்தான். ஊதா வானமும் குதிரையும் சாராம்மாவும் எந்த ஊரிலும் யாருக்கும் கிடைக்கும். ஆனால் பில்லில் அந்த மூன்றுக்கும் ஒரு பைசா இல்லை. 'லோகோ டிசைன், ஹோம் பேஜ், கன்டென்ட்' என்று நம்ம ஆளு செய்ததற்கெல்லாம் தனித்தனியாகத் தொகை. தான் செய்ததை மட்டும் தம்பி இலவசமாகக் கொடுத்துவிட்டார். அந்தப் பில்லையும் நம்ம ஆளுதான் எழுதியது. அண்ணன் அதிலும் ஐநூறு குறைத்தார்.

அந்தமானுக்குக் கிளம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தளத்தில் தீயும் குழம்பும் ஓடினாலும் பாராடாங்கில் பார்க்கப் போவது சேற்றுக் குமிழி. எந்த ஏற்பாடானாலும், பக்கத்தின் அடியில் இருக்கும் போன் நம்பருக்கு ஒருமுறை கூப்பிட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் நம்ம ஆளு அந்த இடத்தில் ஒன்பது, எட்டு, ஏழு என்று படியிறங்குகிற எண்ணைப் போட்டுவிட, ஒரு சீசன் முழுக்க யாரோ முன்பின் தெரியாதவர் ஹோட்டல் ரூம் கேட்டு வந்த போன்களுக்குப் பதில் சொல்லித் திட்டித் தீர்த்தாராம். அதிலிருந்து அந்த நம்பரை மட்டும் தம்பி தன் கையால்தான் டைப் செய்கிறார்.