51 கோடி ரூபாய்ப் புள்ளி

செம்பூர், மும்பை

அன்புள்ள மாமாவுக்கு,

"வட்டம் போட்ட படத்துக்கு 51 கோடி கொடுக்கிற ஊரில் இருந்துகொண்டு, இவன் இந்த வயதில் படம் வரையக் கற்றுக்கொள்கிறானாம். இவன் வரைந்ததை எவன் 51 ரூபாய்க்கு வாங்குவான்?" என்று அம்மாவிடம் கேட்டீர்களாம். நியாயமான கேள்விதான். ஆனால் பிரித்துப் பார்த்தால் அதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. அந்த வட்டத்தில் அப்படி என்ன இருக்கிறது? இருந்தாலும் நம்மைப் போன்ற சம்பளக்காரர்களுக்கு அது எதற்கு? பிறவியில் வராதது இனிமேலா வரப்போகிறது? மூன்றுக்கும் என்னிடம் இருப்பது ஒரே பதில். படத்தை ரசிப்பதும் படம் வரைவதும் வரமாக வருவதில்லை. நின்று பார்க்கிற பழக்கத்தால் வருகின்றன. நாம் எதையும் பார்ப்பதில்லை, பார்த்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். கையில் பென்சிலைப் பிடித்த அன்றுதான் அந்த நினைப்பின் குட்டு வெளிப்படும்.

சந்தேகம் இருந்தால் வீட்டில் யாரிடமாவது தாளைக் கொடுத்து ஒரு முகம் வரையச் சொல்லுங்கள். பழக்கமில்லாதவர்கள் அநேகமாகக் கண்களை நெற்றியில் கொண்டுபோய் வைப்பார்கள். பிறகு ஒரு நூலை எடுத்து உச்சந்தலையிலிருந்து கண் வரைக்கும், கண்ணிலிருந்து முகவாய் வரைக்கும் அளந்து பாருங்கள். ஏறக்குறைய சரிபாதியாக இருக்கும். மனிதத் தலையில் கண் இருப்பது நட்ட நடுவில். தினமும் கண்ணாடி முன் அரை மணி நேரம் மீசையை ஒதுக்குகிறவர்களுக்கும் (யாரையும் குறிப்பிடவில்லை) இது தெரியாது. முகத்தில் நமக்கு வேண்டியது கண், மூக்கு, வாய். அதற்கு மேலே இருக்கும் நெற்றியும் மண்டையும் நமக்குப் புறம்போக்கு நிலம், அதை யாரும் அளப்பதில்லை. இதனால்தான் புதிதாக வரைய வருகிறவர்களிடம் நாற்காலியை வரையாதே, அதன் கால்களுக்கு நடுவே தெரியும் வெற்றிடத்தை வரை என்கிறார்கள். நாற்காலி எப்படி இருக்கும் என்று மனசு முன்கூட்டியே ஒரு முடிவு வைத்திருக்கிறது. வெற்றிடத்தைப் பற்றி அதனிடம் எந்த முடிவும் இல்லை, அதனால் வேறு வழியில்லாமல் பார்த்தாக வேண்டியிருக்கிறது. அப்படி வரைந்து முடித்தால் நாற்காலி தானாக வந்து நிற்கும்.

இந்தப் பழக்கத்துக்குப் பம்பாயைப் போல வாய்த்த ஊரும் கிடையாது, பம்பாயைப் போல எதிரியான ஊரும் கிடையாது. நம்மூரில் ரயிலில் ஏறுவார்கள், இங்கே ஏற்றப்படுவார்கள். நீங்கள் இறங்குகிற வி.டி. ஸ்டேஷனையே எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ் என்று பெயர். 1878இல் தொடங்கிப் பத்து வருஷம் கட்டினார்கள். வாசல் தூணில் ஒரு பக்கம் சிங்கம், இன்னொரு பக்கம் புலி. சுவர் முழுக்க மயில், குரங்கு, இலை, பூ. இந்தச் சிற்ப வேலையில் பெரும் பங்கு பம்பாய் ஓவியப் பள்ளி மாணவர்களுடையது. 1857இல் தொடங்கிய ஜே.ஜே. ஓவியப் பள்ளிதான் அது. தினமும் லட்சக்கணக்கான பேர் அந்தக் குரங்குகளுக்கு அடியில் ஓடுகிறார்கள். குரங்குகள் எல்லோரையும் பார்க்கின்றன, குரங்குகளைப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. நடுவழியில் நின்று அண்ணாந்தவன் பின்னால் வருகிற கூட்டத்தில் மிதிபடுவான். அங்கிருந்து நடக்கிற தூரத்தில் காலா கோடாவில் 1952இல் திறந்த ஜஹாங்கீர் ஆர்ட் கேலரி இருக்கிறது. உள்ளே போகக் காசு கிடையாது, யாரும் இடிக்க மாட்டார்கள். இந்த ஊரில் ஒரு மனிதன் சும்மா நிற்பதற்கு அனுமதி தருகிற இடங்கள் மிகக் குறைவு. அதில் இது ஒன்று.

இப்போது அந்த வட்டத்துக்கு வருகிறேன். 'ஜெஸ்டேஷன்' என்ற அந்தப் படத்தை எஸ்.எச். ரசா 1989இல் வரைந்தார். 2023 ஆகஸ்டில் இதே மும்பையில் 51.75 கோடிக்கு ஏலம் போனது. ரசா மத்தியப் பிரதேசத்துக் கிராமத்துப் பையன். பள்ளியில் மனசு ஓரிடத்தில் நிற்காமல் அலைந்தவனை நிறுத்த, ஆசிரியர் சுவரில் ஒரு புள்ளி வைத்து அதையே பார் என்றார். அந்தப் பையன் பிறகு ஜே.ஜே.யில் படித்து, 1950இல் பிரான்சுக்குப் போய், ஊர்களையும் வீடுகளையும் மரங்களையும் பல வருஷம் வரைந்து தீர்த்தபின்தான் அந்தப் புள்ளிக்குத் திரும்பினார். "சின்னப் பிள்ளைகூட வட்டம் போடுமே" என்பீர்கள். போடும். ஆனால் மற்ற எல்லாவற்றையும் வரையத் தெரிந்தவர் அதையெல்லாம் விலக்கிவிட்டுப் போட்ட வட்டம் அது. எதிரே கால் மணி நேரம் நின்றால், நடுவில் இருக்கும் கறுப்பு கண்ணை இழுத்துக்கொண்டு போவதும் சுற்றிலும் இருக்கும் நிறங்கள் வெளியே தள்ளுவதும் தெரியும். ஒரு நிமிஷம் பார்த்தால் வட்டம்தான் தெரியும். அது வட்டத்தின் குற்றமா? விலை தனிக் கதை. ஓவியர் ஹுசேன் 1954இல் வரைந்த 'கிராம் யாத்ரா' பல பத்தாண்டுகள் நார்வேயில் ஓர் ஆஸ்பத்திரிச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. 2025 மார்ச்சில் நியூயார்க்கில் சுமார் 118 கோடிக்கு விற்றது. ஆஸ்பத்திரியில் தொங்கியபோதும் அதே மாடு, அதே வண்டிதான். ஆகவே 51 கோடியை வைத்துப் படத்தை மெச்சுவதும் தவறு, 51 கோடியை வைத்துப் படத்தைப் பழிப்பதும் தவறு.

"எல்லாம் பணக்காரர்கள் விளையாட்டு" என்பது உங்கள் அடுத்த அம்பாக இருக்கும். வாங்குவது அவர்கள் விளையாட்டுதான், மறுக்கவில்லை. வரைந்தவர்கள் யார் என்று பாருங்கள். 1947இல் இங்கே முற்போக்கு ஓவியர் குழுவைத் தொடங்கிய ஆறு பேரில் ஹுசேன் சினிமா பேனர் வரைந்து பிழைத்தவர். கே.எச். ஆரா சிறு வயதிலேயே பம்பாய்க்கு ஓடிவந்து, வீட்டுவேலை செய்தும் கார் துடைத்தும் வாழ்ந்தவர். அதற்கும் முன்னால் 1894இல் ராஜா ரவிவர்மா பம்பாயில் அச்சகம் வைத்து லட்சுமியையும் சரஸ்வதியையும் மலிவு விலையில் அடித்து ஊர் ஊராக அனுப்பினார். பிறகு அச்சகம் லோனாவளாப் பக்கம் போய்விட்டது, படங்கள் இந்தியா முழுக்கப் போய்விட்டன. கோயிலுக்குள் விடப்படாதவர்கள் வீட்டிலும் சாமி படம் ஏறியது அப்படித்தான். நம் பூஜை அறையில் தாமரையில் நிற்கும் லட்சுமிக்கு மூதாதை பம்பாய்க்காரி. நீங்கள் தினமும் அவளுக்கு ஊதுவத்தி காட்டுகிறீர்கள், நான் அவளுடைய கை வளைவைப் பார்க்கிறேன், வித்தியாசம் அவ்வளவுதான்.

மிச்சம் இருப்பது பிறவித் திறமை. இதற்குப் பதில் சொல்ல ஸ்டிக்கர் கோலத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மாட்டுங்கா மார்க்கெட்டில் வாழையிலை, வெற்றிலை, முருங்கைக்காய், கதம்பம் எல்லாம் கிடைக்கும். வாசல் மட்டும் கிடைக்காது. செம்பூர் ஃபிளாட்டில் வாசல் என்பது லிஃப்டுக்கும் கதவுக்கும் நடுவில் ஒரு முழம் காரிடார். அதிலும் பொடி, மாவு போடக் கூடாது என்று சொசைட்டி அறிவிப்பு ஒட்டும் கட்டடங்கள் உண்டு. வழுக்குமாம், எறும்பு வருமாம். எறும்பு வரட்டும் என்றுதான் ஊரில் நம் ஆச்சி அரிசி மாவில் கோலம் போடுகிறாள். எறும்பு வந்துவிடுமே என்றுதான் இங்கே தடை. உடைந்த சைக்கிள் இருக்கலாம், செருப்பு ஸ்டாண்டு இருக்கலாம், வாஷிங் மெஷின் வந்த அட்டைப்பெட்டி மூன்று வருஷம் இருக்கலாம். ஒரு பிடி மாவு இருக்கக் கூடாது. அதனால் எல்லோரும் பிளாஸ்டிக்கில் அச்சிட்ட கோலத்தை வாங்கி ஒட்டுகிறார்கள். ஆறு மாடிக்கும் ஒரே தாமரை. துடைக்க வருகிறவர் அதன் மேலேயே பினாயில் போட்டுத் துடைத்துவிட்டுப் போகிறார். ஓரம் பெயர்ந்து அதில் தலைமுடி ஒட்டுகிறது. குடியிருந்தவர் காலி செய்து போனாலும் கோலம் காலி செய்வதில்லை. அடுத்து வருகிற குஜராத்திக்காரர் அதன் மேல் கால்மிதி போடுகிறார். எல்லாவற்றையும்விடப் பெரிய சங்கடம், அதற்கு நாள் கிழமை தெரியாது. திதி அன்று வாசலில் கோலம் கூடாதே, என்ன செய்வது? பழைய செய்தித்தாளைப் போட்டு மூடிவைக்க வேண்டியதுதான். லீவு எடுக்கத் தெரியாத கோலம் மாமா அது. அதைவிட முக்கியம், ஒட்டியவர் உள்பட யாரும் அதைப் பார்ப்பதில்லை.

ஆச்சி போடுவதை நினைத்துப் பாருங்கள். 15 புள்ளியில் தொடங்கி 8 வரை ஊடுபுள்ளி. கம்பி ஒரு புள்ளியையும் தொடாமல், ஒவ்வொன்றையும் சுற்றிக்கொண்டு, புறப்பட்ட இடத்துக்கே வந்து முடிய வேண்டும். கை ஒரு வளைவில் இருக்கும்போதே கண் மூன்று வளைவு முன்னால் போய், எந்தப் புள்ளிக்கு நடுவே சந்து இருக்கிறது என்று பார்த்தாக வேண்டும். நாற்காலிக் காலுக்கு நடுவே இருக்கும் வெற்றிடத்தை வரையச் சொல்லிக்கொடுக்கிறார்களே, அதே பாடம். இந்தக் கம்பிகளின் இலக்கணத்தை வைத்துத் தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் உடன் ஆய்வு செய்தவர்களும் 1974இல் கணினி அறிவியலில் கட்டுரையே எழுதினார்கள். இவ்வளவு கடினமான வேலையை நம் தெருவில் எந்தப் பெண்ணாவது "எனக்குப் பிறவியில் வரவில்லை" என்று சொல்லித் தப்பித்திருக்கிறாளா? விடியற்காலையில் வாளியோடு வாசலுக்கு அனுப்பினார்கள், தினமும் போட்டாள், வந்துவிட்டது. நம்மை யாரும் அனுப்பவில்லை, அதனால் நமக்கு வரவில்லை. சுவரில் தொங்கினால் திறமை என்றும் தரையில் கிடந்தால் வீட்டுவேலை என்றும் சொல்லிப் பழகிவிட்டோம். தாராவியில் நம் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண்கள் பொங்கலுக்குச் சந்தில் கோலம் போடுகிறார்கள். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் திரும்பிப் போகவேண்டிய சந்து அது. இடமில்லாத இடத்தில் கோலம் இருக்கிறது, இடமிருக்கும் கட்டடத்தில் ஸ்டிக்கர் இருக்கிறது. அந்தச் சந்துகளையும் இடித்து அடுக்குமாடி கட்டும் திட்டம் தொடங்கிவிட்டது. காரிடார் வரும், காரிடாரோடு அறிவிப்பும் வந்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலை. வாசல்களில் கோலம் இல்லாததால், இங்கே மார்கழி வந்ததையே காலண்டரைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

கடைசியாக, இது சோறு போடுமா என்பதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். போடாது. சோற்றுக்கு ஆபீஸ் இருக்கிறது. காலையிலிருந்து ராத்திரி வரை ஒன்றையும் பார்க்காமல் ஓடுவதற்கு அது சம்பளம் கொடுக்கிறது. ஓடுகிற வழியில் என்னென்ன இருக்கிறது என்று பார்க்க யாரும் சம்பளம் கொடுப்பதில்லை, அதை நாமேதான் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். அடுத்த முறை இங்கே வரும்போது மாட்டுங்காவில் காப்பி வாங்கிக் கொடுத்து உங்களை ஜஹாங்கீருக்குக் கூட்டிப்போகிறேன். எல்லாப் படத்தையும் பார்க்க வேண்டாம், பிடிக்காத ஒரே ஒரு படத்தின் முன்னால் கால் மணி நேரம் நின்றால் போதும். அதற்குப் பிறகும் திட்டத் தோன்றினால் தாராளமாகத் திட்டுங்கள். அதுவரைக்கும் ஓர் உதவி: ஆச்சிக்கு ஒரு கட்டம் போட்ட நோட்டு வாங்கிக் கொடுத்து, அவளுக்குத் தெரிந்த கம்பிக் கோலம் அத்தனையையும் புள்ளிக் கணக்கோடு போட்டு வைக்கச் சொல்லுங்கள். அவள் போடும்போது நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகன்