வேட்டிக்கு ஒரு தூள், சேலைக்கு ஒரு தூளா?

கேள்வி: வெள்ளைத் துணிக்கு ஒரு சோப்புத்தூள், கலர் துணிக்கு வேறு என்று விற்கிறார்களே, நிஜமாகவே வித்தியாசம் உண்டா? இல்லை, நம் பர்ஸை வெளுக்கிற வேலையா? (வாசகி, ஈரோடு)

பதில்: இரண்டும்தான்! அழுக்கை எடுக்கும் சரக்கு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. வெள்ளைக்கான தூளில் கூடுதலாக ஒளிர்வூட்டி இருக்கும். அது கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாகத் திருப்பித் தரும். பழுப்பு மறைந்து வேட்டி 'பளிச்'. அழுக்கு போயிற்றா என்பது வேறு விஷயம்! பாட்டி சொட்டு நீலம் போட்டதும் கிட்டத்தட்ட இதே கண்கட்டு வித்தைதான், செலவுதான் குறைவு. சில தூள்களில் சோடியம் பெர்கார்பனேட்டும் உண்டு. வெந்நீரில் காபிக் கறையை வெளுக்கும். இவற்றையே கலர் துணிக்கும் போட்டுவந்தால் வெளிர் நிறங்கள் மாறித் தெரியும்.

கலருக்கான நல்ல தூளில், கழன்ற சாயம் பக்கத்துத் துணியில் ஒட்டாமல் தடுக்கும் பொருள் இருக்கும். ஆனாலும் புதுச் சுங்குடியைத் தனியாகத்தான் அலச வேண்டும். அதன் சாயத்துக்கு எந்தக் கம்பெனியும் ஜாமீன் தராது.

ஒன்றுதான் வாங்குவேன் என்றால் கலருக்கானதை வாங்குங்கள். வேட்டிக்கு நீலம் இருக்கவே இருக்கிறது. வேட்டிக்காரர் முகம் சுளித்தால், வாளியை அவர் பக்கம் நகர்த்திவிடுங்கள்.