ஒத்து ஊதுறவனுக்கு வந்த வாழ்வு

ஏம்ப்பா தம்பி, நேத்து ராத்திரி எங்க பூண்டுக்காட்டு ஓரத்துல டென்ட்டு அடிச்சு, ஒரு ஸ்பீக்கர் பொட்டியத் திருகி விட்டியே, அது என்ன பாட்டுடா?

நான் உள்ள உக்காந்து கடுங்காப்பி குடிச்சுக்கிட்டு இருந்தேன். டம்ளர்ல காப்பி தானா நடுங்குது. பரண்ல காயிற பூண்டுத்தாளு சரசரங்குது. தகரக் கூரையில ஆணிக்கு ஆணி கிணுகிணுங்குது. பாட்ட மட்டும் காணோம். இப்ப ஆரம்பிச்சுரும், இப்ப ஆரம்பிச்சுரும்னு கால் மணி நேரம் காத்துக் கெடந்தேன். எட்டிப் பாத்துக் கேட்டா, "முடியப் போகுது தாத்தா"ங்கிற!

வாசிக்கிறவுக ரெண்டு பேராமே. ஸ்டீபன் ஓ'மாலி, கிரெக் ஆண்டர்சன். 1998ல அமெரிக்காவுல சியாட்டில்ல சேந்தவுக. கோஷ்டி பேரு சன். சூரியன்னு நெனச்சேன். இல்லையாம், ஆம்ப்ளிஃபயர் கம்பெனி பேராம். பேருக்குப் பின்னால ஒரு வட்டம், மூணு வளைவு. அது கம்பெனி முத்திரையாம். எழுதணுமாம், வாசிக்கக் கூடாதாம். நம்ம பய ஒருத்தன் நாயனம் வாசிக்கக் கெளம்பி, கிர்லோஸ்கர் பம்புசெட்டுன்னு பேரு வெச்சுக்கிட்டா ஊரு சும்மா விடுமா? கொடைக்கானல்ல 1899ல வந்த வானாய்வுக் கூடத்துல தலமொற தலமொறயா சூரியனையே பாத்துக்கிட்டு இருக்காக. அவுகளுக்கே தோணாத யோசனை.

இவுகளுக்கு அண்ணன்மாரும் உண்டாம். 1993ல எர்த்துன்னு ஒரு கோஷ்டி இசைத்தட்டு போட்டுச்சு. எழுவது நிமிசத்துக்கு மேல ஓடும், உருப்படி மூணே மூணு. அதுக்கும் முன்னாடி 1975ல லூ ரீடுன்னு ஒருத்தர், கித்தார ஆம்ப்ளிஃபயர் மேல சாத்தி வெச்சு, அது தானா அலறுறதப் பிடிச்சு ரெண்டு தட்டு போட்டாரு. நாலாம் பக்கத்துக் கடைசி வரியில முள்ளு மாட்டிக்கிரும். நீயா எந்திரிச்சு எடுக்குற வரைக்கும் சுத்திக்கிட்டே கெடக்கும். டூரிங் கொட்டாயில தட்டு இப்படி மாட்டுனா நாங்க விசிலடிச்சு ஆபரேட்டர வையுவோம். அங்க அதையே கலைன்னு வித்திருக்காக. வாங்குனவுகள்லயும் விவரமானவுக நெறையப் பேரு கடையிலயே திருப்பிக் குடுத்துட்டாகளாம்.

சன்னுக்காரவுக மேடை போட்டோ காட்டுனியே, அதப் பாத்துத்தான் எனக்குச் சிரிப்பு அடங்கல. தலையோட மூடுன நீள அங்கி. அட, இது நம்ம கொங்காணிடா! மழைக்குச் சாக்க மடிச்சுத் தலையில மாட்டிக்கிட்டு உருளைக்கெழங்கு வெட்டப் போவோமே, அதே தினுசு. மழையே பெய்யாத மேடையில எதுக்குடா கொங்காணி? பத்தாததுக்குப் புகை விட ஒரு மிசினு. இங்க நம்ம கூக்காலுக்கு வரச் சொல்லு. சாயங்காலமானா ஏரிப் பக்கமிருந்து மேகம் கரண்டு செலவில்லாம ஏறி வருது.

2005ல பிளாக் ஒன்னுன்னு ஒரு தட்டு. அதுல பாட வந்த மாலெஃபிக்குக்கு அடைசலான எடம்னாலே பயமாம். சரி, பயப்படுற ஆள என்ன பண்ணுவ? சன்னலத் தொறந்து விடுவ. இவுக சவப்பொட்டிக்குள்ள படுக்க வெச்சு, மைக்கையும் உள்ள விட்டு மூடிப் பாட வெச்சிருக்காக. நம்ம ஊர்ல பொட்டிக்குள்ள போனவன் சத்தம் போட்டா தூக்குனவன் நாலு பேரும் ஓடிருவான். அங்க அது விலைக்கு வருது.

ஆனா ஒண்ணு, தம்பி. கெழவன் கேலி மட்டும் பண்றான்னு நெனைக்காத. 2019ல பைரோகிளாஸ்ட்ஸ்னு ஒண்ணு வந்துச்சுன்னு போட்டியே, அதுக்குக் காது குடுத்தேன். அதே வருசம் வந்த லைஃப் மெட்டலுக்காக சிகாகோவுல ஒலிப்பதிவுக்காரரு ஸ்டீவ் ஆல்பினி கிட்ட நாடாவுல பதிஞ்சப்ப, அன்னன்னிக்கு வேலைக்கு முன்னாலயோ பின்னாலயோ எல்லாரும் கூடி நின்னு பன்னெண்டு நிமிசம் ஒரே சுருதியப் பிடிப்பாகளாம். அதச் சேத்ததுதான் இந்தத் தட்டுன்ன. கேக்கக் கேக்க எனக்கு ஒரு ஆளு ஞாபகம் வந்துட்டாரு.

பூம்பாறை வேலப்பர் தேருக்கு மேளம் வரும். பெரிய நாயனக்காரருக்குப் பட்டு, சங்கிலி, சோடா. அவரு பின்னால ஒருத்தர் நிப்பாரு. கையில ஒத்து. பாக்க நாயனம் மாதிரியே இருக்கும், விரல் வெச்சு வாசிக்கத் தொளை கெடையாது. ஒரே ஒரு சுரம். கன்னத்துல காத்தச் சேத்து வெச்சுக்கிட்டு, மூக்கால மூச்ச இழுத்துக்கிட்டே, ராத்திரி பூராவும் அறாம ஊதுவாரு. கன்னம் ரெண்டும் தவளை மாதிரி உப்பி, காதோரத்து நரம்பு விம்மி நிக்கும். அவரு மூச்சு அறுந்தா பெரியவரு வாசிப்பு அந்தரத்துல நிக்கும். ஆனா அவரு பேரு நோட்டீசுல இருக்காது. அதோட விட்டோமா? ஆமாஞ்சாமி போடுறவன எல்லாம் ஒத்து ஊதுறான்னு வேற சொல்லி வெச்சோம். கடைசியில பிளக்குல மாட்டுற சுருதிப்பொட்டி வந்து அந்த மனுசன வீட்டுக்கு அனுப்பிருச்சு.

இந்தச் சன்னுக்காரவுக ரெண்டு பேரும் செஞ்சது என்னன்னு தெரியுதா? நாயனத்த எறக்கிட்டு ஒத்த மேடை நடுவுல ஏத்துனாக. தைரியந்தான்! அங்கியும் புகையும் இல்லாம ஏத்தியிருந்தா நீ திரும்பிப் பாத்திருப்பியா?

இன்னொண்ணும் கேளு. அவுக 2009ல போட்ட மோனோலித்ஸ் அண்ட் டைமென்ஷன்ஸ் தட்டுல கடைசி உருப்படி பேரு ஆலிஸ். ஆலிஸ் கோல்ட்ரேன்னு ஹார்ப்பு வாசிச்ச அம்மாவுக்குக் காணிக்கை. அந்தம்மா 1971ல தம்புராவச் சேத்து ஒரு தட்டு போட்டு, அதுக்குத் தன் குரு சச்சிதானந்தா பேர வெச்சாக. குரு யாரு? கோயமுத்தூர்ப் பக்கம் செட்டிபாளையத்துல பொறந்தவரு. 1969ல உட்ஸ்டாக் கூட்டத்துக்குத் தொடக்கவுரை குடுத்த சாமியாரு. உடனே, எல்லாம் நம்ம ஊர்லருந்து போனதுதான்னு வாட்ஸப்புல போட்டுறாத. போனத வெச்சு அவுக என்னமோ பண்ணாக. இருந்தத வெச்சு நாம என்னடா பண்ணோம்?

அப்பறம் உன் பொட்டியில சார்ஜு எறங்கிப் போச்சு. ஊரே கம்முனு ஆச்சு. கொஞ்ச நேரத்துல சோலைக்குள்ளருந்து ஒரு கெடா காட்டுமாடு, அடிவயித்துலருந்து ஊ...ன்னு இழுத்துச்சு. நீ வாயப் பொளந்துக்கிட்டு நின்ன. நான் எண்ணெ டின்ன எடுத்து டொம்மு டொம்முனு தட்ட ஆரம்பிச்சேன். எனக்குக் கேரட்டுப் பாத்தி முக்கியம். அதுக்குள்ள செல்ல நீட்டிக்கிட்டு ஓடியாற. "தாத்தா, சூப்பர், இன்னொரு தடவ அதே மாதிரி தட்டுங்க."

தட்டுறேன்டா. கொங்காணி போட்டுக்கிட்டுத் தட்டவா, போடாமத் தட்டவா? பொட்டிக்கு மட்டும் அவசரப்படுத்தாத.