செக்போஸ்ட் தாண்டி வரும் விருந்தாளிகள்

(இந்த இதழில் பாலக்காடு, இடுக்கி எல்லையோரத்து வாசகர்களின் கேள்விகள்.)

கே: கோயம்புத்தூர்ச் சொந்தக்காரர்கள் வரும்போதெல்லாம், "நீங்க எப்போ கேரளாவுக்குக் குடிபோனீங்க?" என்று கேட்கிறார்கள். என்ன சொல்வது?
— எலப்புள்ளி வாசகர்

ப: "நாங்க எங்கேயும் போகலைங்க, மாநிலம்தான் போயிருச்சு" என்று சொல்லுங்கள். 1956 அக்டோபர் 31 இரவு வரை பாலக்காடு, சென்னை மாநிலத்து மலபார் மாவட்டத்தில் இருந்தது. விடிந்தபோது கேரளம். வாசல், திண்ணை, மாட்டுக்கொட்டகை எதுவும் நகரவில்லை.

மூணாறுக்காரரைக் கேட்டால் பதில் வேறு. தேவிகுளமும் பீர்மேடும் பழைய திருவிதாங்கூர். தேயிலைத் தோட்ட வேலைக்கு மலையேறியவர்களின் பேரன் பேத்திகள் அங்கே இருக்கிறார்கள். மறையூர், காந்தளூர் அஞ்சுநாட்டுக்காரரிடம் மட்டும் இந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள். தோட்டம் போட்ட வெள்ளைக்காரனே தனக்குப் பிறகு வந்த விருந்தாளி என்பார்.

கே: கல்லூரி நண்பர்கள் ஒரு வேன் நிறைய வருகிறார்கள். சனிக்கிழமை வந்து ஞாயிறு கிளம்ப வேண்டுமாம். அதற்குள் மூணாறு முழுவதும் பார்க்கணும், குறிஞ்சிப் பூவும் பார்க்கணும் என்கிறார்கள்.
— மறையூர் வாசகர்

ப: குறிஞ்சிக்கு 2018இல் வந்திருக்க வேண்டும். அடுத்த பெரும்பூப்பு 2030இல். அதுவரை தங்க வைக்க வீட்டில் பாய் தலையணை போதுமா என்று பாருங்கள்.

வரையாடு பார்க்க இரவிகுளம் போகலாம். ஆனால் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ஆடு குட்டி போடும் காலம் என்று பூங்காவை மூடிவிடுவார்கள். பிள்ளை பெற்ற வீட்டுக்குக் கும்பலாக வரக் கூடாது என்று ஆட்டுக்காகச் சட்டம் இருக்கிறது, நமக்குத்தான் இல்லை.

உடுமலை வழியாக வருகிறவர்களைப் பகலிலேயே சின்னாற்றைத் தாண்டச் சொல்லுங்கள். இருட்டிவிட்டால் அந்தச் சாலை யானைகளுக்குச் சொந்தம். வந்த பிறகு, வியூ பாயின்ட் வியூ பாயின்ட்டாக அலைய விடாமல் அரை நாள் சந்தைக்கும் சர்க்கரைக் கொட்டகைக்கும் கூட்டிப் போங்கள். மலையை அவர்கள் செல்போனில் பார்த்துவிட்டார்கள். நீங்கள் என்ன வாங்கிச் சமைக்கிறீர்கள் என்பதைத்தான் பார்த்ததில்லை.

கே: மறையூர் சர்க்கரை வாங்கிவரச் சொல்கிறார்கள். அசல் எது, போலி எது?
— மூணாறு வாசகி

ப: மறையூர் சர்க்கரைக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயர் வந்ததும் பேர் சொல்லி விற்கிறவர்களும் வந்தார்கள். எல்லைக்கு அந்தப் பக்கத்து வெல்லம் மறையூர் வேஷம் கட்டிக்கொண்டு மலையேறுகிறது என்பது இங்குள்ள கரும்பு விவசாயிகளின் பழைய புகார்.

அடையாளம் கேட்டால், கையால் பிடித்த உருண்டை, அடர்ந்த பழுப்பு நிறம், கரிப்பில்லாத இனிப்பு என்பார்கள். இதைவிட நிச்சயமான வழி, சாறு கொதிக்கும் கொட்டகைக்கே போய் வாங்குவது. அப்படியே வட்டவடைப் பூண்டும் வாங்கிக் கொடுங்கள். சிறு பல், பெரிய காரம். வேனில் திரும்பிப் போகும்போது மூட்டை எங்கே இருக்கிறது என்று யாரும் தேட வேண்டியிருக்காது.

கே: ஊரிலிருந்து வந்த என் அம்மாவை ஓட்டலுக்குக் கூட்டிப் போனோம். ரோஸ் நிறத்தில் சுடுதண்ணீர் வைத்தார்கள். "தம்ளர் கழுவின தண்ணியை வெச்சுட்டாங்க" என்று எழுந்துவிட்டார்.
— கொழிஞ்சாம்பாறையின் புது மருமகள்

ப: அது பதிமுகக் கட்டை போட்டுக் காய்ச்சிய குடிதண்ணீர். மஞ்சளாக இருந்தால் சீரகமோ வேறு பட்டையோ. நிறமில்லாமல் வந்தால்தான் இங்கே சந்தேகப்பட வேண்டும்.

அடுத்த வருகையில் மட்டை அரிசிச் சோற்றைப் பார்த்து, "அரிசி வேகலை" என்பார். அதையும் இப்போதே சொல்லி வையுங்கள்: பாலக்காட்டு மட்டைக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது, அதன் உடம்புவாகு அப்படி. மூன்றாம் வருகையில் அம்மாவே இரண்டு கிலோ வாங்கிப் பைக்குள் வைப்பார். அப்போது எதுவும் சொல்லாதீர்கள்.

கே: ராமசேரி இட்லி தோசை மாதிரி இருக்கிறதே, அதை ஏன் இட்லி என்கிறார்கள்?
— காஞ்சிபுரத்திலிருந்து வந்து போனவர்

ப: ஆவியில் வேகிறது, அதனால் இட்லி. பானை வாயில் நூல்வலை கட்டி, அதன்மேல் துணி விரித்து, மாவைப் பரப்பி வேகவைக்கிறார்கள். தட்டையாக வரும், பஞ்சுபோல இருக்கும், தேங்காயெண்ணெயில் குழைத்த பொடியோடு இறங்கும். செய்கிறவர்கள் சில முதலியார் குடும்பங்கள்தான். அவர்களின் முன்னோர் உங்கள் காஞ்சிபுரம் பக்கமிருந்து வந்தவர்கள் என்ற பேச்சும் உண்டு. ஆகையால் நீங்கள் சாப்பிட்டது வெளியூர்ப் பலகாரமா, உறவுக்காரர் வீட்டுச் சாப்பாடா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

கே: ஓட்டலில் பில் யார் கொடுப்பது?
— வாளையாறு வாசகர்

ப: செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் சாப்பிட்டால் நீங்கள், அந்தப் பக்கம் சாப்பிட்டால் அவர்கள். இதனாலேயே சிலர் வாளையாறு தாண்டும் வரை பசி பொறுத்து வருகிறார்கள்.

கே: மச்சான் வந்தால் முதல் கேள்வியே கள்ளுக்கடை எங்கே என்பதுதான். தங்கச்சி முறைக்கிறாள்.
— சித்தூர் வாசகர்

ப: தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. கேரளத்துக் கடைகள் பலவற்றுக்குக் கள் போவதோ உங்கள் சித்தூர்த் தென்னந்தோப்புகளிலிருந்து. மச்சான் கேட்பதில் நியாயம் இருக்கிறது, தங்கச்சி முறைப்பதிலும் இருக்கிறது. கப்பையும் மீன்கறியும் பார்சல் வாங்கி வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். கள்ளுக்கடைக்குப் பாதிப்பேர் சமையலுக்காகவே போகிறார்கள். பாட்டிலில் பிடித்து எல்லை தாண்டும் யோசனை மட்டும் வேண்டாம். அதற்குப் பிறகு மச்சானைப் பார்க்க நீங்கள் காவல் நிலையத்துக்கு விருந்தாளியாகப் போக வேண்டியிருக்கும்.

கே: என் நண்பன் மெக்சிகோவில் குடியேறிவிட்டான். "ஒருமுறை வந்து பார், சந்தையும் சாப்பாடும் வேற உலகம்" என்கிறான். போகலாமா?
— குமுளி ஏலத்தோட்டக்காரர்

ப: தாராளமாகப் போங்கள். ஆனால் அந்த உலகம் உங்கள் சமையலறைக்கு வந்து பல காலமாகிறது. மிளகாயும் தக்காளியும் அந்தப் பக்கத்துச் சரக்கு. சாம்பாரில் போடும் சௌசௌவின் பூர்வீகமும் அங்கேதான். இடுக்கியில் பலரைக் கொஞ்ச காலம் பணக்காரராக்கி, விலை சரிந்ததும் பெருமூச்சு விட வைத்த வனிலாக்கொடி மெக்சிகோக்காரி. கொடியை அங்கிருந்து கொண்டுவந்தவர்களுக்கு நெடுங்காலம் காய் பிடிக்கவில்லை. 1841இல் ரீயூனியன் தீவில் எட்மண்ட் அல்பியஸ் என்ற பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன் பூவுக்குக் கையால் மகரந்தம் சேர்க்கும் வித்தையைக் காட்டினான். இடுக்கியிலும் அந்த வித்தைதான்.

பதிலுக்கு நாம் சும்மா இருக்கவில்லை. ஏலக்காய் மெக்சிகோவின் பக்கத்து வீடான குவாத்தமாலாவுக்குப் போனது. 1914 வாக்கில் ஒரு ஜெர்மானியத் தோட்டக்காரர் நட்டது. இன்று உலகச் சந்தைக்கு அதிகம் அனுப்புவது அந்த நாடுதான். புற்றடியிலும் போடிநாயக்கனூரிலும் ஏலம் கூறும்போது உங்கள் விலையை இறக்குகிற முகம் தெரியாத கை அதுவே. நண்பனைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கமும் எட்டிப் பாருங்கள். போட்டிக்காரர் வீட்டில் சாப்பிட்டு வருவதும் ஒரு வியாபார அறிவு.

கே: விருந்தாளிகளை எப்போது கூப்பிடலாம், எப்போது கூப்பிடக் கூடாது?
— பாலக்காடு வாசகி

ப: கல்பாத்தித் தேர் ஓடும் நவம்பரில் கூப்பிடலாம். மற்ற ஊர்களுக்கு முந்திக்கொண்டு முதலமடை மாங்காய் வரும் நாட்களிலும் கூப்பிடலாம்; போகும்போது பெட்டி கனத்தால் நாக்கு நல்லதே பேசும்.

யோசித்துக் கூப்பிட வேண்டியது ஏப்ரல் நடுவில். நமக்குச் சித்திரை ஒன்றுக்கு ஒரு பாயசம். சில வருஷம் விஷு அதற்கு மறுநாள் வரும். அன்றைக்கு இன்னொரு பாயசம், கைநீட்டக் காசு வேறு. ஒரு நாளைக்கு என்று வந்தவர், மறுநாளும் விசேஷம் என்று தெரிந்தால் பையை அவிழ்த்துத் துணியைக் கொடியில் காயப்போடுவார். காலண்டரைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடச் சொல்லுங்கள்.