நீர்வரத்து 11 கூடை

ஆற்றில் தண்ணீர் கூடினால் கஷ்டப்படுவது பரிசல்காரர்கள் மட்டும்தான் என்று ஊரில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்து பார்த்திருக்க வேண்டும்.

காலையிலேயே தண்ணீர் ஏறிவிட்டது. அருவியில் குளிக்கத் தடை, பரிசலுக்குத் தடை. ஊர் முழுக்கச் சேதி பரவிக்கொண்டிருந்த அதே நேரத்தில் சேலத்திலிருந்து என் நாத்தனார், அவள் வீட்டுக்காரர், இரண்டு பிள்ளைகள், அவள் மாமியார் என்று ஐந்து பேர் எங்கள் வாசலில் வேனை விட்டு இறங்கினார்கள். குளிக்க முடியாது. பரிசல் ஏற முடியாது. எண்ணெய் தேய்த்துக்கொள்ளலாம் என்றால் அதைக் கழுவ அருவி இல்லை. ஒகேனக்கல்லில் ஒரு நாளை வேறு எப்படித்தான் கழிப்பது? இரண்டு மணிக்கு மீன்குழம்பு தீர்ந்தது. இரண்டரைக்கு நாத்தனார், "பாய் எடுக்கிறேன் அண்ணி" என்று சொல்லிக்கொண்டே கட்டிலுக்கு அடியில் குனிந்தாள்.

எங்கள் வீட்டில் பாய் கதவுக்குப் பின்னால் இருக்கும். இருபது வருஷமாக அங்கேதான் இருக்கிறது. அது அவளுக்கும் தெரியும்.

நான் பின்னிய ஒயர் கூடை ஒவ்வொன்றாக வெளியே வந்தது. கல்யாண வீட்டுக் குரூப் போட்டோவில் நிறுத்துவதுபோல், உயரமானதைப் பின்னாலும் குட்டையை முன்னாலும் வைத்துக் கூடத்துச் சுவரோரம் வரிசைகட்டினாள். சிவன்கண் நான்கு, நெல்லிக்காய் மூன்று, பிஸ்கட் கூடை இரண்டு, என்ன பின்னல் என்று எனக்கே மறந்துபோனவை இரண்டு. ஆக 11. சின்னவன் விரல் விட்டு உரக்க எண்ணினான். அவள் மாமியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒரு கூடையைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்து, "எல்லாம் லட்சணமாத்தான் இருக்குது. ஒண்ணுக்குக்கூடப் புடி இல்லையேம்மா" என்றார்.

படிக்கிறவர்கள் இங்கே சிரிக்க வேண்டாம். உங்கள் கட்டிலடியும் எனக்குத் தெரியும். ஒரு கை மட்டும் பின்னிய ஸ்வெட்டர், பாதி மல்லிகை வரைக்கும் தைத்த தலையணை உறை, மணி கோத்து வால் வராத கிளி, எல்லாம் அங்கேதான் இருக்கிறது. வந்தவர்கள் குனியவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

கைப்பிடி ஏன் என் கையில் முடியாமல் போகிறது, அதற்கு நான் என்ன வழி கண்டுபிடித்திருக்கிறேன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். வழி சுலபமானதுதான். அதற்கு முன்னால் கணக்கு எப்படி 11-க்குப் போனது என்று சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊரில் காப்பிக்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது ஓர் எண். ஆற்று நீரை அளக்கும் பிலிகுண்டுலுவில் இன்றைக்கு எத்தனை ஆயிரம் கன அடி? அந்த எண்ணை வைத்துத்தான் பரிசல் ஓடுமா, மீன் கடையில் அடுப்பு எரியுமா, ரூம் நிரம்புமா, உறவுக்காரர்கள் வருவார்களா எல்லாம். இதிலேயே ஊறிப்போனதால் கூடையையும் எனக்கு வேறு கணக்கில் பார்க்க வராது. என் வீட்டு வாசற்படிதான் பிலிகுண்டுலு. தருமபுரிக்குப் போய்விட்டுத் திரும்பும்போது பஸ்ஸில் என் மடியில் உட்கார்ந்து வருகிறதே ஒயர் ரோல், அதுதான் நீர்வரத்து. கட்டிலடி மேட்டூர். அந்த மேட்டூருக்கு முழுக் கொள்ளளவு 120 அடி, 93.47 டி.எம்.சி. என் மேட்டூருக்கு ஒன்றேகால் அடி, அதற்கு மேல் கட்டில் பலகை இடிக்கும். நிரம்பினால் உபரியைப் பீரோ மேலே திருப்பிவிடுவேன். பீரோவும் நிரம்பினால் கரையோர மக்கள், அதாவது கட்டிலில் தூங்கும் என் வீட்டுக்காரர், பாதுகாப்பான இடத்துக்குப் போய்விட வேண்டும்.

வெளியேற்றம்? பூஜ்யம். ஏழு வருஷமாகப் பூஜ்யம்.

அதற்காகத் திறப்புத் தேதி அறிவிக்காமல் இருக்கிறேனா என்றால், இல்லை. மேட்டூரைப் பாசனத்துக்குத் திறக்க ஜூன் 12 என்று வழக்கமாக ஒரு நாள் இருக்கிறதல்லவா? நானும் அதையே வைத்துக்கொண்டேன். "ஜூன் 12-க்கு உன் கூடை உன் கையில்" என்று தங்கைக்கும், நாத்தனாருக்கும், கூடப் படித்த மூன்று பேருக்கும் வாக்கு கொடுத்திருக்கிறேன். எந்த வருஷத்து ஜூன் என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. குறுவை தவறினால் சம்பா, சம்பா தவறினால் பொங்கல், பொங்கல் தவறினால் மறுபடி குறுவை. கடைமடைக்காரர்கள் வருஷா வருஷம் போன் போட்டு, "எங்களுக்கு இன்னும் வந்து சேரலையே" என்கிறார்கள். "மேலே வரத்து இல்லை, நான் என்ன பண்ணட்டும்?" என்கிறேன்.

மேலே என்றால் என் வீட்டுக்காரர். அவர் பங்குக்கு அவர் ஒரு வாதம் வைத்திருக்கிறார். "அணையில இருப்பு இருக்கறப்ப எதுக்குத் தண்ணி?" இருக்கிற இருப்பு ராமர் பச்சை, எனக்கு வேண்டியது மயில்கழுத்து நீலம் என்பது அவருக்குப் புரிவதில்லை. ஒயர் என்றால் அவருக்கு ஒயர்தான். தமிழ்நாட்டுக்கு வருஷத்துக்கு 177.25 டி.எம்.சி. என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் ஓர் எண்ணைச் சொல்லிவிட்டது. அது ஒழுங்காக வருகிறதா என்று பார்க்க மேலாண்மை ஆணையமும் அதே வருஷம் வந்துவிட்டது. எனக்கு வருஷத்துக்கு எத்தனை ரோல் என்று இதுவரை யாரும் தீர்ப்பு எழுதவில்லை. வெயில் காலத்தில் ஆவியாவது வேறு இருக்கிறது. வரும்போது முழம் முழமாய் இருந்த ஆசை, மே மாதத்தில் கூடையைத் தொட்டால் ஒயர் இளகிக் கையில் ஒட்டும்போது எங்கே போகிறதென்றே தெரியாது. அடியில் வண்டல். என் அணையில் தூர் வாரினால் கிடைப்பது உல்லன். ஓசூரில் அக்கா மகன் பிறந்தபோது ஆரம்பித்த ஸ்வெட்டர் அது. அவன் இப்போது காலேஜில் இரண்டாம் வருஷம். வருஷத்தில் பாதி நாள் விசிறியோடு உட்காரும் ஊரில் கம்பளிச் சட்டை பின்ன எனக்கு என்ன வந்தது என்று கேட்காதீர்கள். ஓசூர் குளிரும் என்றார்கள், நம்பினேன்.

இன்னும் இருக்கிறது, பொறுங்கள். அணை என்றதும் ஞாபகம் வருகிறது. மேட்டூர் வேலை தொடங்கியது 1925-ல், முடிந்தது 1934-ல். ஒன்பது வருஷம்! வெள்ளைக்காரன், இஞ்சினியர், ஆயிரக்கணக்கில் ஆள், எல்லாம் இருந்தும் ஒன்பது வருஷம். என் பச்சைக் கூடை 2019-ல் ஆரம்பித்தது, ஒண்டி ஆள், நடுவே சமையல். எனக்கு இன்னும் வாய்தா இருக்கிறது. இதை ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் எடுத்துச் சொன்னேன். "அணைக்குப் புடி வேணாமே அண்ணி" என்றாள் நாத்தனார்.

அந்தப் பச்சைக் கூடையின் கதையும் இதில் வருகிறது. 2019 ஜனவரி 1-ஆம் தேதி தமிழ்நாட்டில் தூக்கிப்போடும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தது. கேரி பேக் இல்லாத உலகத்தில் ஒயர் கூடைக்காரி மகாராணி. அதுவரை எட்டிப் பார்க்காதவர்கள் எல்லாம், "எனக்கு ஒண்ணு" என்று வந்து நின்றார்கள். முதல் ஆள் நாத்தனார். பிளாஸ்டிக்கை ஒழிக்கக் கிலோக் கணக்கில் பிளாஸ்டிக் ஒயரை வாங்கினேன், அந்தப் பாவம் தனி. 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை என்று அரசாங்கமே இறங்கிவிட்டது. மஞ்சப்பைக்குக் கைப்பிடி சேர்த்தே தைத்து வருகிறது. என் மவுசு அன்றோடு சரி.

இந்த வயிற்றெரிச்சலில் திங்கட்கிழமை காலை ஊட்டமலைப் பக்கம் நடந்தேன். பரிசல் எல்லாம் கரையில் கவிழ்ந்து கிடந்தன. தடை நாளில் சும்மா இருக்கப் பிடிக்காத பெரியவர் ஒருவர் புதுப் பரிசலுக்கு மூங்கில் பிளந்துகொண்டிருந்தார். குறுக்கும் நெடுக்குமாகப் பிளாச்சைக் கோத்து, விளிம்பை வளைத்துக் கட்டி, கீழே விரிப்பைப் போர்த்தினால் பரிசல். அந்தக் காலத்தில் தோல், இப்போது பிளாஸ்டிக். ஏழடி அகலம், எட்டுப் பேரைச் சுமக்கும்.

"எத்தனை நாளாகும் பெரியப்பா?"

"இன்னைக்கு ஆரமிச்சேன். பொழுது சாயறதுக்குள்ள ஆயிடும்."

ஒரு நாள். கூடைதானே அதுவும்? பெரிய கூடை. நான் கேட்டிருக்கவே கூடாது. கேட்டதோடு நிறுத்தாமல், கடைசியில் வேலை அலுத்துப்போகாதா என்றும் கேட்டுவிட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "பாதிப் பரிசல்ல ஏறுவியாம்மா?" என்றார். அதற்குப் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். எனக்கு ஒன்றும் அவமானமில்லை. கைப்பிடி இல்லாத வேலை அவருக்கு வாய்த்திருக்கிறது, அதனால் பேசுகிறார்.

வெளிநாட்டில் பின்னல் வேலை செய்கிறவர்கள் இந்த விஷயத்தில் பண்பானவர்கள். முடியாமல் கிடக்கும் வேலைக்கு அவர்கள் யு.எஃப்.ஓ. என்று மரியாதையாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். பறக்கும் தட்டுக்கும் அதே பெயர்தான். எங்கள் ஊரில் தட்டு பறப்பதில்லை, சுற்றும், அதற்கும் இப்போது தடை. காலுறையில் ஒற்றைக் காலைப் பின்னி முடித்ததும் மற்றக் காலுக்கு மனம் வராமல் போவதற்கு அங்கே இரண்டாம் காலுறை நோய் என்று பெயர். காதலனுக்கு ஸ்வெட்டர் பின்னினால் அது முடிவதற்குள் காதல் முடிந்துவிடும் என்றுகூட ஒரு நம்பிக்கை உண்டு. பாருங்கள், முடிக்காமல் விடுவதில் எவ்வளவு முன்யோசனை! இங்கே எனக்கு நோயும் இல்லை, சாபமும் இல்லை. "சோம்பேறி" என்ற ஒரே சொல்லோடு முடித்துவிடுகிறார்கள். நான் சோம்பேறி என்றால் 11 கூடைக்கு அடி போட்டது யார்? ரன்னிங் ஒயரை இழுத்து இழுத்து விரல் காய்த்துப்போனது யாருக்கு?

சரி, கைப்பிடி. கூடை ஆரம்பிக்கும்போதே கைப்பிடிக்கான ஒயரை நீளமாக வெட்டித் தனியாக எடுத்து வைத்துவிட வேண்டும். இது எல்லாருக்கும் தெரியும். நான் வைப்பதில்லை, நீங்களும் வைப்பதில்லை. கடைசி வரிசையில் ரோல் தீரும். அதே பச்சைக்காக 46 கிலோமீட்டர் பஸ்ஸில் போனால் கடைக்காரர் ஒரு பச்சையை எடுத்துப் போட்டு, "அதே பச்சைதாங்க" என்பார். அது அதே பச்சை இல்லை. வெளிச்சத்தில் இன்னொரு பச்சை, வீட்டுக்கு வந்தால் வேறொரு பச்சை. வெறுங்கையோடு திரும்பக் கூடாதே என்று மயில்கழுத்து நீலத்தில் இரண்டு ரோல் வாங்குவேன். இந்த இடத்தில்தான் நான் கண்டுபிடித்த வழி வருகிறது. அதைச் சொல்வதற்குள் திங்கட்கிழமை நடந்ததைச் சொல்லிவிட வேண்டும், ஆறவில்லை.

ஊட்டமலையிலிருந்து நான் வீடு திரும்பும்போது வேன் கிளம்பத் தயாராக நின்றது. முன் சீட்டில் நாத்தனார். மடியில் என் பச்சைக் கூடை. உள்ளே ஐஸ் போட்ட கட்லா இரண்டு கிலோ. கூடைக்கு இரண்டு பக்கமும் கைப்பிடி!

ஓடிப்போய்ப் பார்த்தேன். நைலான் கயிறு. நீலம். ஆறு வருஷத்துக்கு மேல் நான் பச்சைக்குப் பச்சை தேடி அலைந்த சிவன்கண் கூடையின் கண்ணுக்குள் நீலக் கயிற்றை விட்டு முடிச்சுப் போட்டிருக்கிறாள், மாட்டுக்குப் போடுகிற மாதிரி.

"எனக்குன்னு சொன்ன கூடைதானே அண்ணி? எடுத்துக்கிட்டேன். பாருங்க, அஞ்சு நிமிஷம்தான் ஆச்சு."

வேன் போய்விட்டது. சேலம் போய்ச் சேர்ந்து போன் வேறு: கூடை கெட்டியாக இருக்கிறதாம், மீன் வாசனைதான் போகவில்லையாம், மாமியாரும் ஒன்று கேட்கிறாராம். என் வீட்டுக்காரர், "அப்ப 10-ன்னு எழுதிக்கலாமா?" என்கிறார். எப்படி எழுதுவது? நான் முடிக்கவில்லையே. முடியாத கூடை வீட்டை விட்டுப் போயிருக்கிறது, அதை வெளியேற்றம் என்பதா, கசிவு என்பதா?

அந்த நீலக் கயிறு எங்கிருந்து வந்தது என்று சாயங்காலம்தான் தெரிந்தது. கொல்லையில் இரண்டு கம்பமும் மொட்டையாக நிற்கின்றன. துவைத்ததெல்லாம் கூடத்து நாற்காலிகள் மேல் காய்ந்துகொண்டிருக்கிறது.