நேற்று இருந்த டிஸ்க் இன்று காணோம்!

கே: காலையில் கம்ப்யூட்டரை ஆன் செய்தால் இரண்டாவது ஹார்ட் டிஸ்க்கைக் காணோம். ரீஸ்டார்ட் கொடுத்தால் வந்துவிடுகிறது. மாலையில் பிரச்சினையே இல்லை. பேய் பிடித்திருக்கிறதா?
– திருச்சி வாசகர்

ப: பேய் என்றால் மாலையில் அல்லவா வேலையைக் காட்டும்? உங்கள் டிஸ்க்குக்குக் காலையில் எழுந்திருக்கத் தெம்பில்லை, அவ்வளவுதான். மூன்றரை அங்குல டிஸ்க்கின் மோட்டார் 12 வோல்ட்டில் ஓடுவது. நின்ற இடத்திலிருந்து நிமிடத்துக்கு 7200 சுற்று என்ற வேகத்தை எட்டும் சில நொடிகளில் மட்டும் 2 ஆம்பியர் வரை இழுக்கும். வேகம் பிடித்தபின் அதில் ஒரு சிறு பங்கே போதும். பவர் சப்ளைக்கு வயதாகி, உள்ளே கெபாசிட்டர்கள் தளர்ந்திருந்தால் அந்த முதல் இழுப்பில் வோல்ட்டேஜ் இறங்கிவிடும். பயாஸ் ஆஜர் எடுக்கும் நேரத்தில் டிஸ்க் தயாராக இருக்காது. ‘ஆப்சென்ட்’ போட்டுவிட்டு அது விண்டோஸைக் கூப்பிட்டுவிடும். ரீஸ்டார்ட்டில் பெரும்பாலும் மின்சாரம் அறுபடுவதில்லை, டிஸ்க் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஆகவே ‘உள்ளேன் ஐயா’.

தெரிந்தவரிடம் ஒரு நல்ல பவர் சப்ளை இரவல் வாங்கி மாட்டுங்கள். அப்போதும் காலையில் வரவில்லை, கேபிளும் சரி என்றால், கோளாறு டிஸ்க்கிலேயே. அதற்கு முன்னால் ஒன்று: டிஸ்க் தெரிகிற மாலை நேரத்தில் முதல் வேலை காப்பி எடுப்பது. துப்பறிவதெல்லாம் அப்புறம்.

கே: கேபினெட்டை ஒரு தட்டு தட்டினால் டிஸ்க் வந்துவிடுகிறது. இப்படியே ஓட்டலாமா?
– சேலம் வாசகர்

ப: டிஸ்க் சுற்றும்போது அதன் ஹெட், தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில்தான் மிதக்கிறது. வெளியே நீங்கள் தட்டுவது உள்ளே தட்டில் போய் விழும். தட்டினால் வருகிறது என்றால் இணைப்பு எங்கோ லூஸ். 2003 வாக்கில் வந்த முதல் சாட்டா கேபிள்களில் பூட்டும் கிளிப் கிடையாது. கை பட்டாலே நழுவும். அந்தக் கனெக்டருக்கு விதிமுறை தரும் உத்தரவாதமே 50 முறை செருகி எடுப்பதற்குத்தான். எனவே ‘கழற்றி மாட்டிப் பார்’ என்ற வைத்தியத்தை தினமும் செய்தால் அதுவே வியாதி. கிளிப் வைத்த புதுக் கேபிள் சென்னை ரிச்சி தெருவில் ஒரு பிரியாணி விலைகூட வராது. கேபிளை மாற்றியும் சரியாகாவிட்டால் மதர்போர்டில் போர்ட்டை மாற்றுங்கள். இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் குற்றவாளி யாரென்று கடைசிவரை தெரியாது.

கே: கேபினெட்டைத் திறக்காமலே, கோளாறு கேபிளிலா டிஸ்க்கிலா என்று கண்டுபிடிக்க முடியுமா?
– ஈரோடு வாசகி

ப: ஓரளவு முடியும். ஒவ்வொரு டிஸ்க்கும் தன் உடம்புக்கு வந்ததையெல்லாம் தானே எழுதி வைக்கிறது. ‘ஸ்மார்ட்’ என்று பெயர். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் அதைப் படிக்கலாம். ‘சி7’ என்ற வரி, டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே வழியில் சிதைந்துபோன தகவலின் கணக்கு. அது ஏறினால் பெரும்பாலும் கேபிள்தான். இந்த எண் ஏறுமே தவிர இறங்காது. ஆகவே இன்றைய எண்ணைக் குறித்துவைத்து, கேபிளை மாற்றி, ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். அப்படியே நின்றிருந்தால் வென்றீர்கள். ‘05’, ‘சி5’ வரிகள் ஏறினால் கதை வேறு: தட்டிலேயே இடங்கள் பழுதாகின்றன, கேபிள் நிரபராதி. மேலே பெரிதாக ‘குட்’ என்று காட்டுவதைக் கண்டு தூங்கப் போய்விடாதீர்கள். எண்களுக்கு நடுவே ஏ, பி என்று எழுத்து வந்தால் பதறவும் வேண்டாம், அது பதினாறடிமானக் கணக்கு.

கே: கல்யாண போட்டோகிராஃபர் நான். வெளியே செருகும் டிஸ்க் லேப்டாப்பில் ஒழுங்காக வருகிறது. ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் பாதி காப்பியில் மாயமாகிறது.
– கும்பகோணம் வாசகர்

ப: குனியச் சோம்பல்பட்டு முன்பக்க போர்ட்டில்தானே செருகுகிறீர்கள்? யுஎஸ்பி 2 போர்ட்டுக்கு விதித்த அளவு 500 மில்லி ஆம்பியர், யுஎஸ்பி 3-க்கு 900. இரண்டரை அங்குல டிஸ்க் கிளம்பும் நேரத்தில் ஏறக்குறைய ஒரு ஆம்பியர் கேட்கும். முன்பக்கத்துக்கு மின்சாரம் வருவதே கேபினெட்டுக்குள் ஓடும் மெல்லிய வயர் வழியாக. நடுவில் ஒரு ஹப், நீட்டிப்பு வயர் என்று வைத்தால் டிஸ்க்கின் வாய்க்கு எட்டுவது கொஞ்சம்தான். பின்பக்கம், மதர்போர்டிலேயே இருக்கும் போர்ட்டில் செருகுங்கள். பலரது டிஸ்க்கில் முதலில் தளர்வது அந்தப் பட்டையான குட்டிக் கேபிள்தான், அதையும் மாற்றுங்கள். சும்மா விட்ட நேரத்தில் மறைகிறது என்றால், யுஎஸ்பியை உறங்க வைக்கும் வசதியை விண்டோஸின் பவர் அமைப்பில் நிறுத்துங்கள்.

ஒரு முகூர்த்தத்தின் படங்கள் ஒரே டிஸ்க்கில்தான் இருக்கின்றன என்பது மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. உங்களுக்காக யாரும் இரண்டாம் முறை தாலி கட்ட மாட்டார்கள்.

கே: டிஸ்க் தெரிகிறது, ஆனால் ‘ஃபார்மேட் செய்யவா?’ என்று கேட்கிறது.
– நெல்லை வாசகர்

ப: ‘கேன்சல்’. ‘இனிஷியலைஸ்’ என்று கேட்டாலும் அதே பதில்.

கே: செக்டிஸ்க் ஓட்டினால் சரியாகிவிடும் என்கிறார் கடைத் தம்பி. ஓட்டட்டுமா?
– வேலூர் வாசகர்

ப: தம்பியைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். செக்டிஸ்க் கோப்பு முறையைச் செப்பனிடும் கருவி. உங்கள் கோப்பைக் காப்பாற்ற வேண்டும் என்று அதற்கு வேண்டுதல் எதுவும் கிடையாது. இழுபறியில் இருக்கும் டிஸ்க்கின் மூலைமுடுக்கெல்லாம் அதை அலைய விட்டால், மிச்ச உயிரும் போகலாம். முதலில் நகல். லினக்ஸ் பென்டிரைவில் கம்ப்யூட்டரைக் கிளப்பி, ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூவை ஓட்டுங்கள். சுலபமாக வருவதை முதலில் அள்ளிக்கொண்டு, அடம்பிடிக்கும் இடங்களுக்குப் பிறகுதான் திரும்பும். எதுவரை படித்தது என்று ஒரு வரைபடக் கோப்பில் எழுதி வைக்கும். நடுவில் டிஸ்க் மறைந்தாலும், திரும்ப வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். வந்து வந்து போகும் டிஸ்க்குக்கு இதைவிடப் பொருத்தமான வேலைக்காரன் எனக்குத் தெரிந்து இல்லை. மூலமும் நகலும் எது எது என்று மூன்று முறை சரிபாருங்கள். மாற்றிக் கொடுத்தால் வெற்று டிஸ்க்கை அழகாக நகலெடுத்துத் தந்துவிடும்.

கே: ‘டக்... டக்...’ என்று சத்தம். ஃப்ரீஸரில் ஒரு இரவு வைத்தால் சரியாகுமாமே?
– கோவை வாசகி

ப: ஃப்ரீஸரில் இட்லி மாவு வைக்கலாம். டிஸ்க்கை வைத்தால், வெளியே எடுத்ததும் நம் ஊர்க் காற்றின் ஈரம் அதில் முத்து முத்தாக இறங்கும். அந்தச் சத்தம், ஹெட் தன் இடத்தைத் தேடித் தோற்றுத் திரும்பும் சத்தம். உடனே பிளக்கைப் பிடுங்குங்கள். உள்ளே இருப்பது விலைமதிக்க முடியாதது என்றால் தூசில்லா அறை வைத்திருக்கும் மீட்பு நிலையத்துக்குப் போங்கள். பில் இனிக்காது.

கே: புது எம்.2 எஸ்எஸ்டி போட்டேன். பழைய டிஸ்க் காணாமல் போய்விட்டது!
– ஓசூர் வாசகர்

ப: பல மதர்போர்டுகளில் எம்.2 இடத்தை நிரப்பினால் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்டுகள் அணைந்துவிடும். கையேட்டில் எழுதியிருக்கும். அதைத்தான் டப்பாவோடு பரணில் போட்டிருப்பீர்கள்.

கே: செத்துப்போன டிஸ்க்கைப் பழைய இரும்புக்காரரிடம் போடலாமா?
– காரைக்குடி வாசகர்

ப: கம்ப்யூட்டருக்குத்தான் அது செத்தது, உங்கள் பேங்க் பாஸ்புக் ஸ்கேன் உள்ளே அப்படியே இருக்கிறது. நட்சத்திர வடிவ ஸ்க்ரூடிரைவர் வாங்கி மூடியைக் கழற்றித் தட்டைச் சேதப்படுத்திவிட்டுக் கொடுங்கள். லேப்டாப் டிஸ்க் என்றால் தட்டு கண்ணாடியாக இருக்கலாம், கண்ணுக்குக் கவசம் அவசியம். ஹெட்டை அசைக்கும் காந்தங்களை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஃப்ரிட்ஜ் கதவில் கரண்ட் பில் ஒட்டலாம். இரண்டு காந்தங்களுக்கும் நடுவில் மட்டும் விரலை வைத்துவிடாதீர்கள்.